நினைவுக்கல், நீரூற்று, சுதந்திர மரம்: ஒரு மலை நகரப் பூங்காவின் பழுதுபார்ப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரியின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு நகரம். அங்குள்ள பொதுப் பூங்காவில் சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பழுதுபார்ப்பு வேலை இரண்டு மழைக்காலம் இழுத்தது. அதன் பதிவு இது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வேலையைக் கவனித்த ஊர்க்குழுவின் குறிப்பேடு என் பொறுப்பில் இருந்தது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

உதகையின் தாவரவியல் பூங்கா 1848இல் மெக்ஐவரின் கையில் உருவானது. குன்னூரின் சிம்ஸ் பூங்கா 1874இல் வந்தது. இந்தப் பூங்காவை யாரும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. நுழைவுச் சீட்டு கிடையாது, சுற்றுலா வண்டிகள் நிற்பதில்லை. காலையில் நடக்க வருகிறவர்கள், சந்தை நாளில் சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறவர்கள், நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் ஓடி வரும் பிள்ளைகள், இவர்களுக்கான இடம் அது. சரிவை வெட்டி மூன்று தட்டாக அமைத்திருக்கிறார்கள். நடுத்தட்டில்தான் இந்த விவகாரம் முழுக்க நடந்தது.

நடுத்தட்டில் பத்தடி, பதினைந்தடி இடைவெளியில் மூன்று நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. முதலாவது, 1911 முடிசூட்டு தர்பாரை ஒட்டி வைத்த வார்ப்பிரும்பு நீரூற்று. அடுத்தது முதல் உலகப் போர் முடிந்தபின் எழுப்பிய நினைவுக்கல்: ஆள் உயரச் செங்கல் தூண், அதன் முகப்பில் வெள்ளைப் பளிங்குப் பலகை. மூன்றாவது ஒரு சைப்ரஸ் மரம். 1947 ஆகஸ்ட் 15 அன்று நட்டது. ஊரில் அதைச் சுதந்திர மரம் என்றுதான் சொல்வார்கள். நீரூற்று மேலே, மரம் கீழே, கல் நடுவில் என்ற இந்த வரிசையைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் எல்லாமே இதைச் சுற்றித்தான் வந்தது.

பளிங்கில் உள்ள வாசகம் ஆங்கிலம். இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்பது அதன் பொருள். இந்தியாவின் பல ஊர்களில் இதே அமைப்பில் கற்கள் இருக்கின்றன. 1919 என்று இருப்பதைப் பார்த்துப் பிழை என்று சொல்பவர்கள் உண்டு, பிழையில்லை. துப்பாக்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11. வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. கல்லில் எண் மட்டும்தான் இருக்கிறது, பெயர் ஒன்றுகூட இல்லை. அதே ஊரின் பழைய தேவாலயச் சுவரில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. அதில் எஸ்டேட் துரைமார் குடும்பங்களிலிருந்து போனவர்களின் பெயர், படைப்பிரிவு, இறந்த இடம் எல்லாம் பொறித்திருக்கிறது.

பிரச்சினை வெளிப்பட்ட விதம்

ஒரு நவம்பர் காலை பளிங்குப் பலகையின் கீழ் இடது மூலை உடைந்து தரையில் கிடந்தது. அந்த வாரம் விடாமல் வடகிழக்கு மழை. பூங்காவில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் அந்தத் துண்டைப் பொறுக்கிச் சாக்கில் சுற்றிக் கருவி அறையில் வைத்தார். அவருடைய குடும்பம் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. அவருடைய தாயாரும் இதே பூங்காவில் களை பறித்தவர். அவரை இங்கே தோட்டத்து அக்கா என்றே குறிப்பிடுகிறேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அந்தத் துண்டைக் குப்பையோடு தள்ளியிருந்தால் பின்னால் செய்த பாதி வேலைக்கு வழியே இருந்திருக்காது.

டிசம்பரில் நகர நிர்வாகத்தின் பொறியாளர் வந்து பார்த்து ஒரு மதிப்பீடு தயாரித்தார். வேர் தூணைத் தள்ளுகிறது, ஆகவே மரத்தை வெட்ட வேண்டும். கல்லைப் பெயர்த்து வாசலருகே புதிய கிரானைட் மேடையில் வைக்க வேண்டும். எழுத்துகளை மறுபடி வெட்டிக் கறுப்பு அடிக்க வேண்டும். நீரூற்றுக்கு விளக்கும் புது மோட்டாரும் போட்டு நடுத்தட்டு முழுக்க டைல்ஸ் பதிக்க வேண்டும். எல்லாம் ஒரே டெண்டர். மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

பொறியாளரை வில்லனாக்கிப் பேசுவது ஊரில் வழக்கமாகிவிட்டது. நான் அப்படிப் பார்க்கவில்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை உயிர் போயிற்று என்பது அவருக்கும் தெரியும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஒரு பெரிய மரம் சாய்ந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். "மரம் விழுந்தா உங்க கமிட்டியா சார் கோர்ட்டுக்கு வரும்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

ஊர்க்குழு கூடியதும் இரண்டு கட்சி ஆயிற்று. சந்தைக் கடைக்காரர் ஒருவர் எழுந்து, "கல்லு வெள்ளக்காரன் வச்சது, மரம் நம்மாளு வச்சது. ரெண்டுல ஒண்ணு போகணும்னா கல்லு போகட்டும்" என்றார். பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வந்திருந்த பெரியவர் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்: "வச்சது வெள்ளக்காரனா இருக்கலாம் தம்பி. போனது எங்க பாட்டனுங்க." அதற்குப் பிறகு கல்லை விட்டுவிடலாம் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. மரத்தை வெட்டலாம் என்று மட்டும் சிலர் பேசினார்கள்.

இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்ற இந்தப் பேச்சு முழுக்க, வேர்தான் காரணம் என்ற ஒரே அனுமானத்தின் மேல் நின்றது. அதை யாரும் சோதித்திருக்கவில்லை. ஆறு வாரம் அவகாசம் கேட்டோம். பொறியாளர் கொடுத்தார்.

பார்த்ததும் கண்டறிந்ததும்

கோயம்புத்தூரிலிருந்து பழைய கட்டடப் பாதுகாப்பில் அனுபவமுள்ள கட்டடக் கலைஞர் ஒருவர் வந்தார். கட்டணம் வாங்கவில்லை, பேருந்துச் செலவு மட்டும். தூணைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம் விரிசல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வேர் தள்ளியிருந்தால் தூண் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், விரிசல் அடியிலிருந்து மேலே ஏறியிருக்க வேண்டும். இங்கே தூண் தூக்குக்குண்டுக்கு நேராக நின்றது. பளிங்கில் இருந்த விரிசல்கள் நாலு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி ஓடின. ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தில் பழுப்புக் கறை. பலகையைத் தூணோடு பிடித்திருந்தவை இரும்புப் பற்றுக்கொக்கிகள். இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும். போக இடமில்லாமல் கல்லைப் பிளக்கும். உடைந்து விழுந்த மூலையின் உள்பக்கத்தில் துருவின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அந்தத் துண்டு சாக்கில் பத்திரமாக இருந்ததால்தான் இதைக் காண முடிந்தது.

அப்படியானால் இரும்புக்கு இத்தனை ஈரம் எங்கிருந்து? நூறு ஆண்டாக மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. தூணின் அடியிலிருந்து இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தது. அதற்கு மேலே காய்ந்த கோடு. மழை மேலிருந்து நனைத்த அடையாளம் அப்படி இராது. ஈரம் தரையிலிருந்து ஏறியிருக்கிறது. தூணின் மேல் பூச்சு சிமெண்ட். எப்போதோ ஒரு குத்தகைக்காரர் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசியிருந்தார். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படி விடாது. தரையிலிருந்து ஏறிய ஈரத்துக்கு வெளியேற மிஞ்சியிருந்த ஒரே வழி பளிங்கைச் சுற்றிய இடுக்கு, அதாவது கொக்கிகள் இருந்த இடம்.

ஈரத்தின் ஊற்றைக் காட்டியவர் தோட்டத்து அக்கா. "எங்கம்மா காலத்துல நீரூத்துக்குக் கீழ ஒரு கல்லோடை இருந்துச்சு சார். டைல்ஸ் போட்டப்ப மூடிட்டாங்க. மழ பேஞ்சா இப்ப தண்ணி எங்க போவுதுன்னே தெரியல" என்றார். இதற்கு முன் வந்த பொறியாளர்கள், குத்தகைக்காரர்கள் யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. ஜனவரியில் வறண்ட நாள் ஒன்றில் நீரூற்றுத் தொட்டியில் ஹோலிச் சாயப்பொடி கரைத்து ஊற்றினோம். மறுநாள் காலை நினைவுக்கல்லின் பின்பக்கம் மண் இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது. தொட்டியின் அடியில் கசிவு; வடியவேண்டிய ஓடை அடைபட்டிருக்கிறது; தண்ணீர் சரிவில் இறங்கி, முதலில் குறுக்கே நிற்கும் தூணின் அடியில் தேங்குகிறது.

மரத்தின் பக்கமும் பார்க்கவேண்டியிருந்தது. தூணுக்கும் மரத்துக்கும் நடுவில் கையாலேயே குழி தோண்டினோம். கடப்பாரை வேண்டாம் என்று தோட்டக்கலைத் துறையிலிருந்து வந்தவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூணின் அடித்தளத்துக்குக் கீழே தடித்த வேர் எதுவும் போகவில்லை. ஆனால் மரம் முழுக்க நிரபராதியும் அல்ல. மூடிய ஓடையின் கற்களுக்கிடையே சல்லிவேர் பஞ்சுப்பொதிபோல் அடைத்திருந்தது. ஓடை அடைபட்டதற்கு டைல்ஸ் பாதி காரணம் என்றால் அந்த வேர் மீதி. மரத்தின் தண்டு திடமாக இருந்தது. காற்றுப் பக்கம் இரண்டு காய்ந்த கிளைகள் இருந்தன, அவற்றைக் கழிக்க வேண்டும் என்றார்.

தூணின் விரிசல்கள் மேல் மெல்லிய கண்ணாடிச் சில்லுகளை இருபுறமும் காரை வைத்து ஒட்டித் தேதி எழுதினோம். தூண் அசைந்தால் கண்ணாடி உடையும். முடிவெடுக்கும் நேரத்தில் அவை உடையவில்லை. ஆனால் அப்போது கோடை தொடங்கவிருந்தது, மழையில் சோதிக்கப்படாத சாட்சி அது. அது தெரிந்தேதான் முடிவெடுத்தோம்.

எடுத்த முடிவுகள்

மரம் நிற்கும், கல்லும் இருந்த இடத்திலேயே நிற்கும் என்பது முதல் முடிவு. மரத்துக்கு வேறொரு காப்பும் இருந்தது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், வெட்டுவதானால் அதற்கான குழுவிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். வேர்தான் காரணம் என்று எழுதிக்கொடுக்க இப்போது பொறியாளரிடமே ஆதாரம் இல்லை. காய்ந்த கிளைகளைக் கழித்து, மரத்தின் நிலையை ஆண்டுதோறும் பார்த்து எழுத்தில் தர ஏற்பாடு செய்ததும் அவர் இறங்கி வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் காகிதம்தான்.

கல்லை வாசலுக்கு நகர்த்த வேண்டாம் என்று சொல்ல வேறு காரணம். நாலு துருப்பிடித்த கொக்கிகளோடு இருக்கும் பளிங்கைப் பெயர்த்தால் முழுசாக வராது. கல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. தொல்லியல் துறைப் பட்டியல் எதிலும் அது கிடையாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பார்த்துக்கொள்வது போர்க் கல்லறைகளையும் தன்னுடைய நினைவகங்களையும். ஊர்க்காரர்கள் வைத்த இதுபோன்ற கற்கள் அதன் பொறுப்பு அல்ல. உடைந்தால் உடைந்ததுதான்.

மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டிய பணத்தில் ஓடையைத் திறப்பது, தொட்டிக் கசிவை அடைப்பது, இவை மட்டும் என்று முடிவாயிற்று. டைல்ஸும் விளக்கும் விடுபட்டன. இதில் சிலருக்கு வருத்தம், இன்றும் இருக்கிறது. கோடை விழாவுக்கு வருகிறவர்கள் பார்க்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்று. ஓடை மண்ணுக்குள் இருப்பது, நாடா வெட்டித் திறந்துவைக்க முடியாது.

நீண்ட நேரம் எடுத்தது எண் பற்றிய வாக்குவாதம். பளிங்கில் எழுத்துகளை வெட்டி, குழியில் சிறு துளையிட்டு, ஈயத்தை அடித்து நிரப்பியிருந்தார்கள். பாதி ஈயம் உதிர்ந்துவிட்டது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் முன்னால் ஆசிட் ஊற்றித் தேய்ப்பது, உதிர்ந்த இடத்தில் கறுப்பு எனாமல் தீட்டுவது என்று யாரோ தொடர்ந்து செய்திருக்கிறார்கள். பளிங்கு சுண்ணாம்புக் கல் வகை. அமிலம் பட்டால் கரையும். ஒவ்வொரு முறையும் முகப்பு கொஞ்சம் கரைந்து, எழுத்துக் குழி ஆழம் குறைந்து, அடுத்து வந்த பெயிண்டர் ஊகித்து வரைந்திருக்கிறார். போனவர்களின் எண்ணிக்கை இரண்டு இலக்கம். எனாமலில் அதன் முதல் இலக்கம் 8. ஹட்டிப் பெரியவர் அது 3 என்றார். அவர் சிறுவனாக இருந்தபோது தாத்தா கைபிடித்துக் காட்டியதாம்.

இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். எழுத்துக் குழி மறைந்த இடத்திலும் ஈயம் பிடிக்க இட்ட துளைகள் மிஞ்சியிருக்கும். துளைகளின் வரிசையை வைத்து எழுத்தைக் கண்டுகொள்ளலாம். மற்ற எழுத்துகளுக்கு இந்த முறை நன்றாகப் பலித்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை தெளிவாகவே கிடைத்தது. ஆனால் அந்த ஒரு இலக்கத்தின் இடது பக்கம் ஒரு பழைய சில்லு பெயர்ந்திருந்தது. வலதுபக்கத் துளைகள் 3க்கும் பொருந்தும், 8க்கும் பொருந்தும். ஊர் ஸ்டுடியோக்காரர் குடும்பத்திலிருந்து ஒரு பழைய கொடியேற்றப் படம் வந்தது. அதில் கல் இருக்கிறது, எண் மங்கல்.

பொறியாளர் மதிப்பீட்டின்படி எழுத்துகளை மறுபடி வெட்டியிருந்தால் 8 என்று வெட்டியிருப்பார்கள், அதோடு விஷயம் முடிந்திருக்கும். கட்டடக் கலைஞர், பழைய சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை எடுத்துச் சொன்னார்: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்பது அதிலுள்ள விதி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். "பேரைத்தான் எழுதல. எண்ணையும் காலியா விட்டா அந்த மனுஷங்களுக்கு என்னதான் மிச்சம்?" என்று கேட்டார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. பெயரில்லாமல் எண்ணாக்கியது இந்த ஊரின் வழக்கம் மட்டும் அல்ல. இராக்கில் 1929இல் திறந்த பாஸ்ரா போர் நினைவகத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள்; அதிலும் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும்தான். இந்தச் சமமின்மையைப் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

இறுதியில் கல்லில் எதையும் சேர்ப்பதில்லை, வெட்டுவதில்லை என்று முடிவானது. எனாமலை எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் தாழ்வாக ஒரு தமிழ்ப் பலகை வைத்து வாசகத்தின் பொருளையும், ஓர் இலக்கம் 3 அல்லது 8, உறுதியாகப் படிக்க முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும். பெயர் தெரிந்த குடும்பங்கள் சொல்லட்டும், அதை நூலகத்தில் ஒரு பதிவேட்டில் சேர்ப்போம் என்றும் ஒப்புக்கொண்டோம். ஆசிரியர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். பின்னால் அந்தப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேலையும் விளைவும்

மார்ச்சில் ஓடையைத் திறந்தார்கள். பழைய ஓடை நல்ல மலைக்கல்லால் கட்டியது. சுத்தம் செய்து, உடைந்த மூடுகற்களை மாற்றியதும் ஓடத் தொடங்கிவிட்டது. ஏப்ரலில் தூணின் சிமெண்டைக் கையுளியால் மெல்லப் பெயர்த்தோம். உள்ளே செங்கல் பல இடத்தில் விரலால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது. அவற்றை மட்டும் மாற்றினோம்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் மே மாதம் வந்தார். அவருக்குத் தேதி கிடைத்தது அப்போதுதான். நீற்றிய சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் என்று முறைப்படி செய்தார். பூச்சு மாத இறுதியில் முடிந்தது. ஜூன் முதல் வாரம் மூடுபனி இறங்கியது, பிறகு மழை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும். அதற்கு லேசான ஈரம் வேண்டும், நாள் முழுதும் சொட்டும் ஈரமும் குளிரும் ஆகாது. போதாததற்குத் தூணின் உள்ளே பல ஆண்டுகளாகத் தேங்கிய தண்ணீர் இன்னும் வற்றியிருக்கவில்லை. ஜூலையில் வடக்கு முகத்தின் பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. சிமெண்ட் பூசியிருந்தால் நின்றிருக்கும் என்று ஊரில் பேசினார்கள். சிமெண்ட் நின்றிருக்கும் என்பது உண்மைதான். அது நின்றதால்தான் உள்ளே செங்கல் மாவாயிற்று.

கொத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது அவர் தயங்காமல், "மிச்சத்தையும் உரிச்சுப் போட்டுருங்கய்யா. மேல தகரம் போட்டு, காத்தோட்டமா விட்டுருங்க. தை முடிஞ்சு வாரேன்" என்றார். அப்படியே செய்தோம். தூண் அம்மணமாக, மேலே தகரக் கொட்டகையோடு, ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் நின்றது. வந்த பிரமுகர் ஒருவர் இது என்ன கோலம் என்று கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்வது சங்கடமாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டின் வடகிழக்கு மழை முடிந்ததும் பார்த்தோம். கண்ணாடிச் சில்லுகளில் ஒன்றும் உடையவில்லை. உப்புக் கோடு முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. டிசம்பர் உறைபனியிலும் செங்கல் புதிதாக உதிரவில்லை. பிப்ரவரியில் கொத்தனார் திரும்பி வந்து மெல்லிய மூன்று படையாகப் பூசினார், ஒவ்வொரு படைக்கும் நடுவே நாள் விட்டு, ஈரச்சாக்கு போர்த்தி. அந்தப் பூச்சு அதற்குப் பின் வந்த மழைகளைத் தாங்கி நிற்கிறது.

பளிங்கில், தானாகவே தளர்ந்திருந்த கீழ்க் கொக்கிகள் இரண்டையும் எடுத்துத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றினோம். உடைந்த மூலையை எஃகு ஊசி வைத்துப் பொருத்தினோம். ஒட்டு தெரிகிறது, தெரியட்டும் என்றுதான் விட்டோம். மேல் கொக்கிகள் இரண்டும் இறுக்கமாக இருந்ததால் தொடவில்லை. எனாமலை மூங்கில் குச்சியால் எடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று. கல்லூரி விடுமுறையில் வந்த பிள்ளைகள் அதைச் செய்தார்கள். அதன்பின் பலகை தூரத்திலிருந்து படிக்க முடியாததாக ஆகிவிட்டது. நெருங்கிப் போய்க் குனிய வேண்டும். இதை இழப்பு என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

பதிவேட்டில் சில குடும்பங்கள் பெயர் சொல்லியிருக்கின்றன. ஹட்டிகளிலிருந்து வந்தவை உண்டு, டவுனிலிருந்து வந்தவையும் உண்டு. சிலருக்குப் பெயர் மட்டும் தெரியும். ஒரு குடும்பத்தில் பதக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு பெயரை இரண்டு குடும்பங்கள் தங்கள் முன்னோர் என்கின்றன. ஆசிரியர் இரண்டையும் எழுதி, எதிரே சொன்னவரின் உறவுமுறையைக் குறித்து வைத்திருக்கிறார். கல்லில் பெயரை ஏற்ற வேண்டும் என்று ஒரு குடும்பம் மனு கொடுத்தது. கல்லுக்கு வேண்டாம், தமிழ்ப் பலகை அடுத்து புதுப்பிக்கப்படும்போது பார்க்கலாம் என்று நிர்வாகம் பதில் கொடுத்திருக்கிறது. அவர்கள் அதில் திருப்தியடையவில்லை.

இன்று செய்தால் மாற்ற வேண்டியவை

ஓடையைத் திறந்த கையோடு பூச்சைத் தொட்டிருக்கக் கூடாது. ஈரத்தின் வழியை அடைத்தபின் தூண் ஒரு முழு மழைக்காலம் வெறுமனே நின்று காய வேண்டும். நாங்கள் தோல்விக்குப் பின் செய்ததைத் திட்டத்திலேயே எழுதியிருக்கலாம். இந்த மலையில் சுண்ணாம்பு வேலைக்குப் பிப்ரவரி, மார்ச் தவிர வேறு மாதம் சரிப்படாது. நிதியாண்டு முடிவும் அதே மாதங்களில் வருகிறது. மழைக்கு முன்பே வேலை ஆணையும் கொத்தனாரின் தேதியும் கையில் இருந்தால்தான் இரண்டையும் இணைக்க முடியும்.

எனாமலை எடுப்பதற்கு முன் படங்கள் எடுத்தோம், ஆனால் சாய்வொளியில் எடுத்தவை போதாது. அந்தச் சந்தேக இலக்கத்தை ஐந்தாறு கோணத்தில் பதிவு செய்திருந்தால் பின்னால் யாராவது வேறு கண்ணோடு பார்க்க உதவியிருக்கும்.

தோட்டத்து அக்காவை முதல் நாளே கூட்டத்துக்கு அழைத்திருக்க வேண்டும். கல்லோடை பற்றி அவர் சொன்னது ஜனவரியில். டிசம்பர் மதிப்பீட்டுக்கு முன்பே கேட்டிருந்தால் மரத்தை வெட்டும் பேச்சே எழுந்திருக்காது. இப்போது பூங்காவில் எதைத் தோண்டினாலும் அவரும் மற்ற பணியாளர்களும் கையெழுத்திட்ட பிறகே தோண்டுவது என்று நிர்வாகம் வாய்மொழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. எழுத்தில் இன்னும் வரவில்லை.

சுதந்திர தினத்துக்கு முன் கல்லைக் கழுவும் வழக்கத்தைத் தடுக்க முயன்று பயனில்லை என்று தெரிந்தது. ஆகவே கழுவுவதற்கு வாளியும் மென்தூரிகையும் தண்ணீரும் நாங்களே கொடுக்கிறோம், ஆசிட் பாட்டில் வருகிறதா என்று ஒருவர் நின்று பார்க்கிறார்.

நிலுவையில் இருப்பது மேல் வலது கொக்கி. சென்ற மழைக்குப் பின் அதன் ஓரம் புதிதாகப் பழுப்புக் கறை தெரிந்தது, விரிசல் நீளவில்லை. பிப்ரவரியில் கட்டடக் கலைஞர் வந்து பார்ப்பார். கொக்கியை எடுக்க வேண்டியிருந்தால் பளிங்கு முழுவதையும் இறக்கித்தான் ஆக வேண்டும். அதற்கான சட்டகத்துக்கு ஊர்த் தச்சரிடம் அளவு கொடுத்திருக்கிறோம்.